கோடு ஓடுது, மோட்டார் ஓடலை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கோடிங் ஆர்வம் உள்ள பிள்ளைகளோட பேச்செல்லாம் இப்போ பைத்தான், ஏஐ ரெண்டையும் சுத்தித்தான். தப்பில்லை. ஆனா இறுதியாண்டு புராஜெக்ட்னு வந்தா நிறையப் பேர் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான்: தானியங்கிச் சொட்டுநீர்ப் பாசனம். பாலக்கோட்டுத் தக்காளிக்கும் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்கும் தேவையான சரக்குதான். வைவா முடிஞ்ச மறுநாளே அது அட்டைப்பெட்டிக்குள்ள போயிடுது பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

இஎஸ்பி32-ங்கிற வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டுக்கு ஏஐ தர்ற புரோகிராம் பெரும்பாலும் கம்பைல் ஆகிடும். மண் ஈரச் சென்சாரை போர்டோட ஜிபிஐஓ 4-ம் பின்லயோ 25-ம் பின்லயோ மாட்டச் சொல்லியிருந்தா, மேஜை மேல ரீடிங்கும் வரும். வைஃபையைச் சேர்த்ததும் நின்னுடும். சென்சார் தர்ற வோல்ட்டேஜை எண்ணா மாத்துற பகுதிக்கு ஏடிசின்னு பேர், இந்த போர்டுல ரெண்டு இருக்கு. அந்தப் பின்கள் ஏடிசி2-வைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை வைஃபையே பிடிச்சுக்கும். ஏடிசி1-ல இருக்கிற 34-க்கு ஒயரை மாத்தினா சரியாயிடும். இது தெரியாம ரெண்டு நாள் லைப்ரரியை மாத்தி மாத்திப் போடுறதுக்கு, டேட்டாஷீட்டைப் பத்து நிமிஷம் புரட்டலாம்.

ரெண்டு கால் துருத்திட்டு இருக்கிற மலிவு மண் ஈரச் சென்சாரை வாங்காதீங்க. ஈர மண்ணுல மின்சாரம் பாயப் பாய, மின்பகுப்புல அந்தக் கால் அரிச்சுப் போயிடும். உலோகம் மண்ணுல படாத கெப்பாசிட்டிவ் வகை வாங்கி, ஐசி இருக்கிற மேல்பாகத்துக்கும் பலகையோட வெட்டு விளிம்புக்கும் நகப்பூச்சாவது அடிங்க. தண்ணி உள்ள இறங்குறது அந்த விளிம்பு வழியாத்தான். அளவு பிடிக்கிறதை டம்ளர் தண்ணியில பண்ணினா நம்ம செம்மண்ணுக்குப் பொருந்தாது. காய்ஞ்ச மண்ணுல ஒரு ரீடிங், நல்லா பாய்ச்சி மறுநாள் காலையில ஒரு ரீடிங் எடுங்க. ஈரம் ஏற ஏற இந்தச் சென்சார்ல எண் இறங்கும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. போடுறதுக்கு ஒரு வரம்பு, நிறுத்துறதுக்கு வேற வரம்பு வைக்கணும். ரெண்டுக்கும் ஒரே எண் வெச்சா மோட்டார் போட்டுப் போட்டு நிக்கும்.

இனிதான் ஆபத்தான இடம். போர்டு சொன்னதும் மூடித் திறக்கிற சுவிட்ச்தான் ரிலே. அந்த நீல நிற ரிலே மேல 10 ஆம்பியர், 250 வோல்ட்னு போட்டிருக்கும். அதை நம்பி த்ரீ பேஸ் மோட்டாரை நேரா அதுல கோக்கவே கூடாது. ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனுக்கு இணையா ஒரு ரிலே, ஒரு வினாடி மூடித் திறந்தா போதும். சிவப்புக்குத் தொடரா இன்னொரு ரிலே, அதோட என்சி முனையில, அதாவது சும்மா இருக்கும்போது மூடியே இருக்கிற முனையில. லோடு கூடினா மோட்டாரை நிறுத்துற ஓவர்லோடு ரிலேவைச் சுத்திக்கிட்டு (பைபாஸ் பண்ணி) எந்த ஒயரும் போகக் கூடாது. அதுக்கும் முன்னாடி ஸ்டார்ட்டர் காயில்ல அச்சடிச்சிருக்கிற வோல்ட்டேஜைப் படிங்க. 415-னு இருந்தா இந்த ரிலே தாங்காது. நடுவுல அந்த வோல்ட்டேஜுக்கு ஏத்த கான்டாக்டர், அதாவது பெரிய ரிலே மாதிரியான சுவிட்ச், வேணும். ஒயரிங் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் பக்கத்துல இல்லாம கை வைக்காதீங்க. இதை எந்த ஏஐயும் எட்டிப் பார்த்துச் சொல்லாது.

கடைசியா சிம்800எல், அதாவது சிம் போட்டு போர்டை போன் நெட்வொர்க்ல இணைக்கிற மாட்யூல். விலை குறைவுன்னு எல்லாரும் வாங்குறாங்க. அது 2ஜி மட்டும்தான், ஜியோ சிம் போட்டா வேலைக்கே ஆகாது. நெட்வொர்க் பிடிக்கிற நேரத்துல 2 ஆம்பியர் வரை இழுக்கும், இஎஸ்பியோட 3.3 வோல்ட் பின்ல இருந்து கொடுத்தா போர்டே ரீசெட் ஆகும். தனியா 4 வோல்ட் சப்ளையும், பக்கத்துலயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைங்க. 4ஜி மாட்யூல்னா விலை கூடத்தான். எதை வாங்குறதுக்கு முன்னாடியும் மோட்டார் ரூமுக்குள்ள போய், எந்த சிம்முக்கு சிக்னல் வருதுன்னு போன்ல பாருங்க. தகரக் கதவைச் சாத்திட்டுப் பாருங்க.