அமெரிக்க நுகர்வோர் அசரவில்லையாம்!

அமெரிக்காவின் சில்லறை விற்பனைக் கணக்கு மாதாமாதம் வருகிறது. கொஞ்சம் ஏறியிருந்தால் போதும், 'நுகர்வோர் அசரவில்லை' என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

முதலில், அந்தக் கணக்கில் விலை உயர்வைக் கழிப்பதில்லை. போன வருஷம் 100 டாலருக்கு வாங்கிய அதே மளிகையை இந்த வருஷம் 104 டாலருக்கு வாங்கினால், விற்பனை 4 சதவீதம் வளர்ந்ததாக அர்த்தம். பையில் ஒரு தக்காளிகூடக் கூடியிருக்காது.

சரி, அதையாவது விட்டுவிடலாம். செலவு செய்வது யார்? 2025 தொடக்கத்தில் மூடிஸ் அனலிட்டிக்ஸ் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் போட்ட மதிப்பீட்டின்படி, வருமானத்தில் மேலே இருக்கும் 10 சதவீதத்தினர்தான் அமெரிக்காவின் மொத்த நுகர்வுச் செலவில் ஏறத்தாழ பாதியைச் செய்கிறார்கள். பங்குச் சந்தை ஏறினால் இவர்கள் கை தாராளமாகிவிடும். அதே 2025 முதல் காலாண்டில் மெக்டொனால்ட்ஸின் பழைய கடைகளில், அதாவது ஓராண்டுக்கு மேல் நடக்கும் கடைகளில், அமெரிக்க விற்பனை 3.6 சதவீதம் சரிந்தது. 2020 கொரோனா முடக்கத்துக்குப் பிறகு அங்கே அவ்வளவு மோசமான காலாண்டு வந்ததில்லை. குறைந்த வருமானக்காரர்களின் வரத்து குறைந்துவிட்டதாக நிறுவனமே சொன்னது. பர்கர் வாங்கவே யோசிக்கிறவரையும் பிசினஸ் கிளாஸில் ஊர் சுற்றுகிறவரையும் ஒன்றாகக் கூட்டி எடுத்த எண்தான் நம் கைக்கு வருகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலைக் குறியீடு 2022 ஜூனில் 50 வரை விழுந்தது. அதுவரை அவ்வளவு கீழே போனதே இல்லை. ஆனாலும் செலவு நிற்கவில்லை. 'வாயால் புலம்புவார்கள், கையால் வாங்குவார்கள்' என்று நிபுணர்கள் கேலி செய்தார்கள். எனக்கு இதில் முரணே தெரியவில்லை. கருத்துக் கணிப்பில் ஆளுக்கு ஒரு ஓட்டு, செலவுக் கணக்கில் டாலருக்கு ஒரு ஓட்டு. அப்புறம் இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

சந்தையின் பதற்றம் தனிக் கதை. 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் இறக்குமதி வரி அறிவித்ததும், அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500 இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 9ஆம் தேதி பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரியை 90 நாள் தள்ளி வைத்ததும் ஒரே நாளில் 9.5 சதவீதம் எகிறியது. ஆகஸ்ட் 1 அன்று வந்த வேலைவாய்ப்பு அறிக்கை இன்னும் வேடிக்கை. மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொன்ன எண்ணிக்கையிலிருந்து மொத்தம் 2,58,000 வேலைகளைக் கழித்தார்கள். பழைய எண்ணை நம்பிப் பங்கு வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்? டிரம்ப் கேட்டார், புள்ளிவிவரத் துறைத் தலைவரையே வேலையை விட்டுத் தூக்கினார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்கள் திருப்பூரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து போகும் பின்னலாடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பெரும்பாலும் பெரிய சங்கிலிக் கடைகளில் விற்கும் டி-ஷர்ட், குழந்தை உடுப்பு, உள்ளாடை. மேல்தட்டுப் பத்து சதவீதம் எவ்வளவு செலவழித்தாலும் அந்த ஆர்டர் அதிகமாகப் போவதில்லை. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்களுக்கு வரி 50 சதவீதமானபோது, 'நுகர்வோர் வலுவாக இருக்கிறார்' என்ற தலைப்பு எந்த யூனிட்டையும் காப்பாற்றவில்லை. வாங்குபவர்கள் தள்ளுபடி கேட்டார்கள், சிலர் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள்.

அதனால் நான் இப்போதெல்லாம் சில்லறை விற்பனைத் தலைப்பைத் தாண்டிப் போய்விடுகிறேன். அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளையான நியூயார்க் ஃபெட் காலாண்டுக்கு ஒருமுறை விடும் குடும்பக் கடன் அறிக்கையைத்தான் திறக்கிறேன். 2025 நடுவில் கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் 1.2 லட்சம் கோடி டாலர். அதில் தவணை தவறுபவர்களின் விகிதம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் திருப்பூருக்கு வேண்டிய செய்தி.