கவுனியின் கருப்பு தவிட்டில் இருக்கிறது

ஐயா, பக்கத்து வயலில் வெள்ளைப் பொன்னி நட்டதால் மகரந்தம் பட்டு, அதே அறுவடையிலேயே உங்கள் கவுனி (கருப்பு அரிசி தரும் நெல் ரகம்) வெளுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்க வழியில்லை.

கவுனியின் கருப்பு தவிட்டில் உள்ள ஆந்தோசயனின் நிறமி. காரைக்குடியில் எங்கள் அப்பத்தா கவுனியை ஊறவைத்த பாத்திரத்தில் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறும்; அந்த நிறமிதான் அது. தவிட்டின் வெளிப்படலம் பூவின் சூலகச் சுவரிலிருந்து உருவாவது, அதாவது முழுக்கத் தாய்ச்செடியின் திசு. தந்தை மகரந்தத்தின் மரபணு அதில் நுழைவதே இல்லை. கருவும் அதை ஒட்டிய மாவுப்பகுதியும் மட்டுமே தாய், தந்தை இருவருக்கும் பொது. கலப்பு நடந்திருந்தாலும், அந்த நெல்லை மறுபடி விதைத்து வரும் அடுத்தடுத்த தலைமுறைச் செடிகளின் கதிரில்தான் நிறமாற்றம் தெரியவரும். அதுவும் அபூர்வம், நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும்.

ஆலையில் கூடுதலாகத் தீட்டினார்களா என்று முதலில் கேளுங்கள்; தவிடு போனால் கருப்பும் போய்விடும். இல்லையென்றால் விதைநெல்லிலேயே வேறு நெல் கலந்திருக்கலாம்.