ஜாங்கோ விரல்களை இழக்கவில்லை

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றி, “அவருக்கு இரண்டு விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள், அதன்பிறகுதான் அவர் இசைக்கே வந்தார்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

1928-ல் பாரிஸ் அருகே அவர் வசித்த வண்டிவீடு தீப்பிடித்தது. விற்பதற்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு (எளிதில் தீப்பற்றும் ஒருவகை பிளாஸ்டிக்) பூக்கள்தான் தீயை அப்படிப் பரப்பின. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் வெந்து சுருங்கிப்போயின, ஆனால் கையிலேயேதான் இருந்தன. 1938-ல் எடுத்த ஒரு குறும்படத்தில் அந்தக் கையைப் பக்கத்தில் பார்க்கலாம். மடங்கிய இரண்டு விரல்கள் ஒதுங்கி நிற்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கம்பிகளில் மேலும் கீழும் ஓடுகின்றன. கார்டு (chord, பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும்போது அந்த முடங்கிய விரல்களையும் முடிந்தவரை பயன்படுத்தினார்.

அப்புறம், தீ விபத்துக்கு முன்பே கிட்டார் போன்ற கம்பிக் கருவியான பாஞ்சோ வாசித்து இசைத்தட்டிலும் பதிவானவர் அவர். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, கிட்டாரில் புது விரலமைப்பை அவரே கண்டுபிடித்தார். அந்த உழைப்பைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு டிரம்ஸே இல்லாத ஐவர் குழுவைத் தொடங்கியபோது, மூன்று கிட்டார்களும் ஒரு பாஸும் (பெரிய வயலின் போன்ற, தாழ்ந்த சுரம் தரும் கருவி) தான் தாளத்தைத் தாங்கின. 1953-ல் இறந்தபோது அவருக்கு வயது 43.