27,000 பேரை நீக்கியது ஆபீஸ் வராததற்காக இல்லை

'ஆபீஸ் வர மறுத்த 27,000 பேரைத்தான் அமேசான் வீட்டுக்கு அனுப்பியது, அதில் என்ன தப்பு' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தேதிகளைப் பாருங்கள் சார். 18,000 பேரை நீக்கும் அறிவிப்பு 2023 ஜனவரியில் வந்தது, வாரம் 3 நாள் ஆபீஸ் வரவேண்டும் என்று அமேசான் தலைமைச் செயல் அதிகாரி ஆண்டி ஜாஸி சொன்னதே பிப்ரவரியில்தான், அடுத்த 9,000 மார்ச்சில், ஆனால் அந்த விதி நடைமுறைக்கு வந்ததோ மே மாதம். இல்லாத விதியை எப்படி மீறுவார்கள்?

அப்புறம், அதே 2023 மே 31 அன்று சியாட்டில் தலைமையகத்தில் அமேசான் ஊழியர்கள் செய்த வெளிநடப்பு வெறும் 'வீட்டிலிருந்தே வேலை' கேட்டு நடந்ததில்லை. ஆட்குறைப்பு மீதான கோபமும் பருவநிலை வாக்குறுதிகளில் நிறுவனம் பின்தங்குகிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தேதான் இருந்தன. வாரம் 5 நாளும் ஆபீஸ் வரவேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரியில்தான் வந்தது, அது வேறு கதை.