தேங்காய்க்குள் பூ

மனிசன்: இதிலும் இல்லை.

மனிசி: எதில் என்ன இல்லை? புட்டுக்கு மா குழைத்தாயிற்று, தேங்காய்ப்பூ எங்கே?

மனிசன்: அதைத்தான் தேடுகிறேன். மூன்று காயையும் உடைத்துவிட்டேன். ஒன்றிலும் பூ இல்லை.

மனிசி: மூன்றையுமா!

மனிசன்: முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதிலும் தண்ணீர். மூன்றாவதைக் குலுக்கினேன், களக் களக் என்றது. சரி, பூ ஆடுகிறது என்று நினைத்தேன்.

மனிசி: களக் களக் என்கிற காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வந்தவள் நான். ஒன்று 200 ரூபாய்.

மனிசன்: அப்படியென்றால் கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான். வீடியோவில் டொக்டர் உடைத்த காய்க்குள் வெள்ளையாய், பந்து மாதிரி ஒரு பூ. வெறும் வயிற்றில் தின்றால் சீனி வருத்தம் இறங்குமாம். காலையில் உனக்கும் காட்டினேனே! பிறகு நீயே தேங்காய்ப்பூ கேட்டாய். சரி, ஒரு நாளாவது என் சொல்லைக் கேட்கிறாள் என்று…

மனிசி: நான் கேட்டது திருவின பூ! உங்கள் டொக்டர் காட்டியது முளைத்த காய்க்குள் இருப்பது. முளைத்த பனங்கொட்டைக்குள் நாங்கள் தின்கிற வெள்ளைப் பூரான் இருக்குமே, அதன் தம்பி. உள்ளே இருக்கிற தண்ணீரை உறிஞ்சித்தான் அது வளரும். பந்து நிறைந்த காயைக் குலுக்கினால் எங்கே களக் களக் என்று கேட்கப் போகிறது?

மனிசன்: அப்போ நீ "துருவல்" என்று சொல்லியிருக்க வேண்டும். சென்னையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மனிசி: சென்னையிலிருந்து ஆள் வந்து துருவித் தருமோ?

(வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் முதல் மாதம் பேப்பர் படிக்கிறார்கள். இரண்டாம் மாதம் குசினிக்குள் வந்துவிடுகிறார்கள். இவருக்கு இது மூன்றாம் மாதம்.)

மனிசன்: தேங்காய்ப்பூ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? காலையில் வீடியோ பார்த்ததில் கொஞ்சம்…

மனிசி: 32 வருசம் புட்டோடு தின்றது மறந்துபோயிற்று. மூன்று நிமிடம் போனில் பார்த்தது நிற்கிறது.

மனிசன்: நாலு நிமிடம்.

மனிசி: வாசற்படியெல்லாம் ஏன் சில்லு?

மனிசன்: முதலாவதைப் படியில் அடித்தேன்.

மனிசி: சிதறு தேங்காய் அடிக்கப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. வீட்டுத் தேங்காயை உள்ளங்கையில் வைத்து, கத்தி முதுகால் நடுவில் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். தானாய் இரண்டு பாதியாகும். கீழே கிண்ணம் வைத்தால் தண்ணீரும் மிஞ்சும்.

மனிசன்: மற்ற இரண்டையும் அப்படித்தான் தட்டினேன். பாதி பாதியாய் வந்திருக்கிறது, பார்.

மனிசி: மேசையில் இது என்ன?

மனிசன்: அது… கத்தி வழுக்கினது.

மனிசி: எங்கள் திருகோணமலையில் கோணேசர் மலையை வாளால் வெட்டின இராவணனே ஒரு வெட்டோடு விட்டான். இங்கே நாலு கிடக்கிறது.

மனிசன்: ஒரு சில்லை வீதியில் நின்ற மானுக்கும் நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மனிசி: அதுவும் பூ தேடியிருக்கும்.

(தேங்காய் திருவுகிற திருவலை வருகிறது. கூடவே ஒரு தட்டு.)

மனிசி: இருங்கள்.

மனிசன்: மிக்சியில் போட்டால் ஒரு நிமிடத்தில்…

மனிசி: இருங்கள் என்றேன்.

(கால் மணி நேரம் திருவலைச் சத்தம் மட்டும்.)

மனிசன்: இஞ்சரப்பா, விழுகிறதைப் பார்த்தால் பூ மாதிரித்தான் இருக்கிறது.

மனிசி: தட்டைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். சிரட்டையும் சேர்ந்து விழுகிறது.