ரேடியோஹெட்டுக்குக் கையில் தாளம் போடுங்கள்

‘ரேடியோஹெட்டா? ஒரே அழுகைப்பா’ என்று நகர்ந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இங்கிலாந்து ராக் குழுவின் ‘க்ரீப்’போடு நின்றுவிட்டவர்கள். 1992இல் வந்த அந்தப் பாட்டின் தாளம் நேரான நாலு எண்ணிக்கை. அந்த ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் ஐவரும் பிறகு தாளக் கணக்கில் செய்த வேலைகள்தான் அவர்களுடைய அசல் சொத்து என்பேன். எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போடத் தெரிந்த எவருக்கும் அது பிடிபடும்.

‘15 ஸ்டெப்’பில் தொடங்குங்கள். ‘இன் ரெயின்போஸ்’ (2007) ஆல்பத்தின் முதல் பாட்டு, கணக்கு ஐந்து. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரலிலிருந்து ஆட்காட்டி வரை நாலு விரல். அதாவது கர்நாடக இசையின் கண்ட ஏகம். பழக்கதோஷத்தில் நாலாக எண்ணினால் இரண்டாவது சுற்றிலேயே உங்கள் தட்டு ஒன்று முந்திவிடும். தாம் யார்க்கின் குரலைப் பிடித்துக்கொண்டு எண்ணாதீர்கள், அவர் சுற்றுகளைத் தாண்டித் தாண்டிப் பாடுவார். ஆரம்பத்தில் தனியாக வரும் அந்த மின்னணுத் தாளத்தைப் பிடியுங்கள். (ஹெட்ஃபோன் அவசியம். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் கிதார் வாசிக்கும் காலின் க்ரீன்வுட் என்ற மனிதரே இருக்கமாட்டார்.)

‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் ப்ளேஸ்’ பாட்டின் கணக்கு பத்து. மேலே சொன்னதையே இரண்டு முறை போட்டால் போதும். ‘பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ நடுவில் நாலுக்கு இடையே அரை எண்ணிக்கை குறைந்த சுற்று நுழையும். தலையாட்டுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் அது.

என் ஓட்டு எப்போதும் 2001இன் ‘பிரமிட் சாங்’குக்குத்தான். பியானோ மட்டும் கேட்கும்போது இதற்குத் தாளமே இல்லையோ என்று தோன்றும். ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு முழுச் சுற்று, போட்டுப் பாருங்கள். முதல் ஆவர்த்தனத்தில் 1, 4, 7இல் பியானோவின் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) விழும். இரண்டாவதில் 3, 6. அதாவது 3+3+4+3+3, மொத்தம் 16. முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் ஒன்றே. மிருதங்கக்காரர்களுக்கு இப்படிப் பிரிப்பது அன்றாட வேலை, ராக் கச்சேரியில்தான் அபூர்வம். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு: எண்ணிக்கைகள் கடிகாரம்போல் சமமாக இல்லை, ஒன்று நீண்டு ஒன்று குறுகும் ஸ்விங் இருக்கிறது. சீராக டிக் டிக் அடிக்கும் மெட்ரோனோம் வைத்து எண்ணினால் ஒட்டாது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து ஃபில் செல்வேயின் ட்ரம்ஸ் வந்ததும் அந்த ஊஞ்சல் தெளிவாகும். அதன்பிறகு மறுபடி முதலிலிருந்து போடுங்கள், பியானோ வேறு பாட்டாகக் கேட்கும்.

கடைசியாக, அதே ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தின் ‘வீடியோடேப்’. இதில் சிக்கல் எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில். பியானோ விழும் இடத்தையே சமம் (சுற்றின் முதல் தட்டு) என்று காது எடுத்துக்கொள்கிறது, ஆனால் அது அரை எண்ணிக்கை விலகி நிற்கிறது. ஆல்பத்தில் ட்ரம்ஸ் மெலிந்திருப்பதால் ஏமாற்று முழுதாக வேலை செய்கிறது. ஆல்பத்துக்கு முந்தைய 2006 கச்சேரிப் பதிவு ஒன்றை முழு ட்ரம்ஸோடு கேட்டுவிட்டுத் திரும்புங்கள். கையைச் சமத்தில் வைத்தபடி பியானோவைப் பிடிக்கப் பாருங்கள். எனக்கு இன்னும் பாதிப் பாட்டில் கை நழுவுகிறது.