சாரத்தை இறக்கிக் கட்டிய மாமா

பெரிய மாமாவின் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமை. செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: “தன்ர நோவை வாய் திறந்து சொல்லாத மனுசன்.” கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அதையே போட்டிருந்தார்கள். எனக்கு அந்த வசனத்தின் மேல் கோபம்.

முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர் மாமா. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியபடிதான் ஊர் அவரைக் கண்டிருக்கிறது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து இருந்த மெனிக் பாம் முகாமில், அப்பா இல்லாத எங்கள் மூவரையும் தன் நான்கு பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய முதல் தீபாவளிக்கு ஏழு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பித்தார். பள்ளிக்கூடத்தில் எங்களை ‘பாண்ட் கோஷ்டி’ என்றே கூப்பிட்டார்கள். அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது அந்தச் சட்டையில் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கிறதா என்று பெட்டி பெட்டியாகத் தேடுகிறேன்.

இடுப்பு நோ என்றால் மருந்துக்கடையில் இரண்டு நோக்குளிசை வாங்கி விழுங்கிவிட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏறிவிடுவார். அந்தக் குளிசைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்தே நெல் விவசாயிகளைச் சிறுநீரக நோய் தின்றுகொண்டிருக்கிறது. குடிக்கிற தண்ணீரா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, வெயிலில் உடம்பு வற்றிப்போவதா என்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்த மாகாணத்துப் பதவியா என்ற ஊர் எங்கள் எல்லைக்கு அப்பால்தான். மாமாவுக்கு வந்தது அதுதானா, பிரஷரால் வந்ததா என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இரத்தம் சோதித்தபோது, சிறுநீரகம் பழுதானால் ஏறுகிற கிரியேட்டினின் எங்கேயோ போயிருந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அவர் சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டத் தொடங்கியிருந்தார். “மாமா இப்ப துரை மாதிரி” என்று பகிடி பண்ணியது நான்தான். வீங்கிய காலை மறைக்கிறார் என்று ஏழு பிள்ளைகளில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சின்னவளின் கலியாணம் முடியட்டும் என்று இருந்தாராம். மாமிக்குக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் டயலிசிஸ். விடியற்காலை பஸ்ஸில் நெடுங்கேணி, புளியங்குளம் தாண்டி வவுனியா. நாலு மணி நேரம் மெஷினோடு படுக்கை, திரும்பப் பஸ். அதைக்கூடத் தாங்கினார். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னதுதான் அவரை உடைத்தது. செம்பை அண்ணாந்து மடமடவென்று குடிக்கிற மனுசன், சின்னப் பால் கோப்பையில் அரைவாசி ஊற்றி, அதை மத்தியானம் வரை வைத்துக்கொண்டிருப்பார். பார்க்க வந்தவர்கள் குலை குலையாக இளநீர் இறக்கினார்கள். இளநீரில் இருக்கிற பொட்டாசியம் உடம்பில் கூடினால் இதயம் நின்றுவிடலாம், தொடக்கூடாது. அவரோ வந்தவர்களுக்கே வெட்டிக் கொடுக்கச் சொல்லி, அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லாமல் இருந்ததை நாங்கள் குணம் என்று கொண்டாடினோம். சொன்னால் வீட்டுக்குப் பாரம் என்று அவரை நினைக்கவைத்ததே அந்தக் கொண்டாட்டம்தானே?

போன ஞாயிறு சின்ன மாமா வந்திருந்தார். அவருக்கும் வயல்தான். திண்ணையில் இருந்தவரின் சாரம் பாதம் வரை கிடந்தது.

“சாரத்தைத் தூக்குங்கோ மாமா.”

“என்ன பிள்ளை விசர்க் கதை?”

அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கீழே குந்தி, தம்பியின் கணுக்காலில் பெருவிரலால் அழுத்தினார்.